குலுக்கல் சீட்டில் ஒரு பெயர்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடும் சண்டே மார்க்கெட்டில், செருப்புக் கடைக்கும் ஜீன்ஸ் குவியலுக்கும் நடுவே பழைய புத்தகங்களை விரித்திருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் என் அக்கா மகள் அங்கே எண்பது ரூபாய்க்கு 'தி ஹங்கர் கேம்ஸ்' வாங்கினாள். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று நீல மையில், இன்னொன்று பென்சிலில், இரண்டையும் யாரோ அடித்திருந்தார்கள். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தவள், முள்ளோடை வருவதற்குள் நாற்பது பக்கம் தாண்டிவிட்டாள். இறங்கும்போது கேட்டாள்: "சாகப் போறவங்க பேரைச் சீட்டுல எழுதிக் குலுக்குறதுக்கு எதுக்கு மாமா இவ்ளோ ரூல்ஸ்?"

நல்ல கேள்வி. கொல்வதுதான் நோக்கம் என்றால் கொன்றுவிட்டுப் போகலாமே. பதிவேடு எதற்கு, வயது வரம்பு எதற்கு, மேடையும் கண்ணாடிக் குடுவையும் எதற்கு? கெட்டுப்போன ஒரு சமூகத்தைக் கற்பனை செய்யும் இந்த வகைக் கதைகளை, டிஸ்டோபியாக்களை, உயிர் பிழைக்கும் போராட்டம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வில், அம்பு, காடு, தீ எல்லாம் இருக்கவே செய்கின்றன. ஆனால் நான் படித்தவரை, பக்கத்துக்குப் பக்கம் உறுத்துவது பெயரும் பட்டியலும்தான். ஒருத்தியின் பெயரை எந்தக் கை எழுதுகிறது, எந்தப் பட்டியலில் எழுதுகிறது என்பதில் அவள் உயிர் தொங்குகிறது. அப்படிப் பார்த்தால் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இவை அவ்வளவு அந்நியமான கதைகள் இல்லை.

முதலில் அந்தச் சீட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சூசன் காலின்ஸ் எழுதி 2008இல் வெளியான அந்த நாவலில் பனெம் என்றொரு நாடு. செல்வம் கொழிக்கும் தலைநகரம் ஒன்று, அதற்குச் சோறு போடும் மாவட்டங்கள் 12. என்றோ கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என 24 பிள்ளைகளைக் குலுக்கிப் பிடித்து, ஒருவர் மிஞ்சும்வரை மோதவிட்டு, அதை டிவியில் காட்டுகிறார்கள். குலுக்கல் வயது 12 முதல் 18. பன்னிரண்டு வயதில் உன் பெயரில் ஒரு சீட்டு, பதின்மூன்றில் இரண்டு, இப்படியே ஏறிப் பதினெட்டில் ஏழு. இதுவரை எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான். விஷம் அடுத்த விதியில் இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரியவில்லையா, உன் பெயரில் இன்னொரு சீட்டு போட்டுக்கொள். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு இழுத்துப் பிடித்தால் வரக்கூடிய தானியமும் எண்ணெயும் தருவார்கள். கதாநாயகி காட்னிஸுக்கு வயது 16. வயதுக்கான சீட்டு ஐந்து. தனக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் வருஷத்துக்கு மூன்று கூடுதல் சீட்டு, ஐந்து வருஷத்துக்குப் பதினைந்து. ஆக 20. அவள் நண்பன் கேல் வீட்டில் வாய்கள் அதிகம், அவன் பெயரில் 42. மேயர் வீட்டுப் பெண்ணுக்கு வயதுச் சீட்டு மட்டும்.

இதை அக்கா மகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாமாயில் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் கார்டை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் போய் நின்று பழகியவள். நம் கார்டு பெயரைக் கேட்பது அரிசி போட, அந்த நாட்டுக் கார்டு உயிரை எடுக்க. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளதுதான். ஆனாலும் எண்ணெய்க்கும் பெயருக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கும் என்பது வரிசையில் நின்ற பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

அவள் கேள்விக்குப் பதிலும் அந்த முடிச்சில்தான். இத்தனை விதி எதற்கென்றால், பழியை இடம் மாற்ற. உன் பெயர் வந்ததற்கு நாங்களா பொறுப்பு? எண்ணெய் வாங்கியது யார்? கையெழுத்து யாருடையது? அதோடு அண்டை வீட்டாரையும் விதியே பிரித்துவைத்துவிடுகிறது. கேலுக்குத் தலைநகரத்தின் மேல் வர வேண்டிய கோபத்தில் பாதி, ஐந்தாறு சீட்டுக்காரியான மேயர் மகள் மேல் போகிறது. கடைசியில் குடுவையிலிருந்து வருவது 20 சீட்டுக்காரியும் இல்லை, 42 சீட்டுக்காரனும் இல்லை. முதல் வருஷம், ஒற்றைச் சீட்டு, பன்னிரண்டு வயதுத் தங்கை பிரிம். அக்கா அவளுக்குப் பதிலாகப் போகிறாள். இந்த விதிகளுக்குள் அவர்களுக்குக் கிடைத்த ஒரே சந்து அது.

(குடவோலை ஞாபகம் வராமல் போகாது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறது. அங்கே பெயர் வந்தால் வாரிய உறுப்பினர். யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்பதற்கு நிலம், வயது, வீடு, வேதம் என்று அங்கேயும் விதிகள் நீளம்தான்.)

டிஸ்டோபியா என்ற சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாமஸ் மோர் 1516இல் 'இல்லாத இடம்' என்ற பொருளில் யுடோபியா என்று ஒரு தீவுக்குப் பெயர் வைத்தார். 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில், அயர்லாந்து தொடர்பான அரசின் கொள்கையைச் சாட, அதைத் திருப்பிப் போட்டு 'டிஸ்டோபியன்கள்' என்றார். இருபதாம் நூற்றாண்டில் அது நாவல் வகையாகி, பெரியவர்களுக்கான புத்தகமாக நிலைபெற்றது. அந்தப் பெரியவர் நாவல்களில் கதாநாயகன் அநேகமாகத் தோற்பான். 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவல், தன்னை நொறுக்கிய தலைவனை அவன் நேசிப்பதில் போய் முடிகிறது.

பிள்ளைகளுக்கான டிஸ்டோபியா அங்கேதான் பிரிகிறது. பெரியவர் நாவலின் ஆள் ஏற்கெனவே அந்த ஆட்சியின் குமாஸ்தா. பல வருஷம் கையெழுத்துப் போட்டுப் பழகியவன். பதினாறு வயதுக்காரி இன்னும் போடவில்லை. பேனா கைக்கு வரும் நாளில்தான் அவள் கதை தொடங்குகிறது. அமெரிக்க நூலகங்கள் 'யங் அடல்ட்' அலமாரி என்று பிரித்துவைப்பது 12 முதல் 18 வயதுக்காரர்களுக்கு. காட்னிஸின் குலுக்கல் வயதும் அதே 12 முதல் 18. தெரிந்து செய்ததோ தற்செயலோ, புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அந்தக் குடுவைக்குள் விழுந்துவிடுகிறது.

இந்த வழியைப் போட்டவர்களில் முக்கியமானவர் லோயிஸ் லோரி. 1993இல் வந்த 'தி கிவர்' நாவலில் வன்முறை என்று கண்ணுக்குத் தெரிய ஒன்றும் கிடையாது. பசி இல்லை, சண்டை இல்லை, நிறம்கூட இல்லை. ஆண்டுக்கொரு விழா நடக்கும், பன்னிரண்டாம் வயதில் ஆளுக்கொரு வேலையைச் சமூகமே ஒதுக்கிவிடும். வயதானவர்களையும் எடை ஏறாத குழந்தைகளையும் 'விடுவிப்பார்கள்'. ஜோனஸ் என்ற பையன், தன் அப்பா ஒரு சிசுவை 'விடுவிக்கும்' பதிவைத் திரையில் பார்க்கிறான். ஊசி, ஒரு சின்ன உடம்பு, ஒரு அட்டைப் பெட்டி, குப்பைக் குழாய். வேலை முடிந்ததும் அப்பா குழந்தையைக் கொஞ்சும் குரலிலேயே 'டாட்டா' சொல்கிறார். என்னைக் கேட்டால் இந்த வகையில் இதைவிடப் பயங்கரமான பக்கம் எழுதப்படவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்க அவருக்குக் கற்றுத்தரவில்லை, அவ்வளவுதான்.

வெரோனிகா ராத் 2011இல் எழுதிய 'டைவர்ஜென்ட்' இலக்கியமாக எனக்குக் கொஞ்சம் மெலிவு. ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் கிட்ட வருகிறது. சமூகம் ஐந்து பிரிவு. பதினாறு வயதில் ஒரு தேர்வு, அப்புறம் எல்லோர் முன்னாலும் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிலும் சேராதவர்கள் தெருவில். ஒன்றுக்கு மேற்பட்டதில் பொருந்துகிறவர்கள் ஆபத்தானவர்கள். இதைப் படித்துவிட்டு நம் வீட்டுப் பிள்ளை ஒன்றுதான் சொல்லும்: "குரூப் எடுக்குறது மாதிரி." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் எந்த வீட்டிலும் பேச்சு அதுதானே. ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா. மாடி வீட்டு மாமி வரைக்கும் கருத்துச் சொல்வார். கவிதையும் வேண்டும் கணக்கும் வேண்டும் என்று சொல்லும் பிள்ளையைக் குழப்பவாதியாகத்தான் பார்ப்போம். உயிர் போகிற விஷயம் இல்லைதான். ஆனால் பதினைந்து வயதில் அது உயிர் போகிற விஷயம் மாதிரிதான் இருக்கிறது. இந்த வகைக் கதைகள் செய்வதெல்லாம், அந்த வயதின் பயத்தை அதே அளவில் நம்பி எழுதுவது.

2008இலிருந்து சில வருஷம் இவை ஏன் அப்படி ஓடின என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 'ஹங்கர் கேம்ஸ்' வெளியான தேதி செப்டம்பர் 14, 2008. மறுநாள் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால், பொருளாதாரம் சரிந்தது. நாவல் அதற்கு முன்பே எழுதி முடித்ததாயிற்றே, ஆக ஒன்று மற்றதைப் பெற்றெடுக்கவில்லை. ஆனால் வேலை போன, வீடு போன அப்பாக்களின் பிள்ளைகள்தான் அதைப் படித்தார்கள். விதை எங்கே விழுந்தது என்பதைக் காலின்ஸே சொல்லியிருக்கிறார். ஒரு ராத்திரி டிவி சேனல்களை மாற்றிக்கொண்டிருந்தபோது, ரியாலிட்டி ஷோவில் போட்டி போடும் இளைஞர்களும் ஈராக் போர்க் காட்சிகளும் ஒன்றோடொன்று கலங்கிப் போயினவாம்.

சரி, நம் கரைக்கு வருவோம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குச் செயின்ட் டேவிட் கோட்டை தெரிந்திருக்கும். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையோடு சுற்றுப்புறமும் சேர்ந்து வந்தது. எவ்வளவு தூரம்? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம். சுட்டார்கள். குண்டு எட்டிய ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. அவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயரில் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ஒரு ராஜாவின் குடி, மத்தியானம் ஒரு கம்பெனியின் குடி, காரணம் ஒரு இரும்புருண்டை. எந்த டிஸ்டோபியா எழுத்தாளரும் இதைக் கற்பனையாக எழுதினால் எடிட்டர் கொஞ்சம் ஓவர் என்பார். அந்தக் கால எல்லைச் சண்டைகளின் மிச்சத்தைக் கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் இன்னும் பார்க்கலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டு கிடக்கும். போர்டு பார்க்க வேண்டியதில்லை, ஒயின் ஷாப் வரிசை தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

பெயர் விஷயத்தில் புதுச்சேரி இன்னும் ஒரு படி மேலே. 1881இல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி, மதம் சார்ந்த தன் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ் வர விரும்பும் இந்தியர் வந்து எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. கூடவே ஒரு குடும்பப் பெயர் வேண்டும். தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு சரி. ஆகவே பலர் அன்றைக்கு மேசை முன்னால் நின்று ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்தார் என்று நீதிபதி தண்டித்ததை எதிர்த்துப் பிரான்ஸ் வரை போய் ஜெயித்தவர். அவர் எடுத்த பெயர் லபோர்த். பிரெஞ்சில் 'கதவு'. பெயரைத் துறந்து பெயரை எடுத்தவர்களில் பலர் சாதியால் மிதிக்கப்பட்டவர்கள். பழைய பெயர் அவர்களை எங்கே நிறுத்தியிருந்தது என்று தெரிந்தால், அந்த மேசையை வெறும் காலனி ஆதிக்கத்தின் கண்ணியாக மட்டும் பார்க்க மனம் வராது. நாவல்களில் காணாமல் போவது பெரும்பாலும் இந்த நிறம்தான். அங்கே அரசு தரும் பெயர் எப்போதும் சிறை. இங்கே சிலருக்கு அது கதவாகவும் இருந்தது.

அடுத்த மேசை 1962இல். 1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேருவது என்று முடிவானது. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். அன்றிலிருந்து ஆறு மாதம். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜை ஒருவர் பேசாமல் இருந்தால் இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே தொடர வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு அப்பா போட்ட கையெழுத்துதான் தேசம். பதினாறு வயது தாண்டிய, கல்யாணமான ஆண் பிள்ளைக்கு மட்டும் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒப்பந்தம் தந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த விதிவிலக்கு இல்லை. பாண்டியில் இன்றும் 'சொல்தா' வீடு என்று அடையாளம் சொல்வார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் வீடு, மாதாமாதம் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வந்த வீடு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு. அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பெண்ணை வைத்து ஒரு நாவல் எழுத, எதிர்காலத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் பின்னால் போனால் திருநாவுக்கரசர் இருக்கிறார். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் மருணீக்கியார், சமணத்தில் தருமசேனர், திரும்பி வந்ததும் நாவுக்கரசர், சம்பந்தர் வாயில் அப்பர். ஒரு ஆளுக்கு நாலு பெயர். கட்சி மாறியதற்குப் பல்லவ மன்னன் கொடுத்த தண்டனைகளைப் பெரியபுராணம் வரிசையாகச் சொல்கிறது. ஏழு நாள் நீற்றறை, நஞ்சு கலந்த பாற்சோறு, யானை, கடைசியில் கல்லில் கட்டிக் கடலில். மிதந்து கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது கடலூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்னிஸைப் படிக்கும்போது எனக்கு நினைவு வருவது அவருடைய அக்கா. நிச்சயித்தவர் போரில் இறந்ததும் உயிரை விடத் துணிந்த திலகவதியார், தம்பி பிழைக்க வேண்டுமே என்று தன்னை நிறுத்திக்கொண்டார். உடன்பிறந்தவருக்காக உயிரைக் கொடுக்கும் அக்காவைப் படம் எடுக்கலாம். உடன்பிறந்தவருக்காக உயிரோடு இருந்துவிட்ட அக்காவைக் கதையாக்குவது சிரமம்.

உயிர் பிழைப்பது பற்றியும் இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடலூர் மாவட்டக் கரையில் 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் வந்த கையோடு தென்பெண்ணை கரை மீறி அதே குண்டு உப்பலவாடிப் பக்கம் வரை தண்ணீர். நாவலில் பேரழிவு ஒரே தடவை, முன்னுரைக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். இங்கே அது சீசன் டிக்கெட் வைத்திருக்கிறது.

2015இல் அக்கா வீட்டில் தண்ணீர் கட்டில் உயரம் ஏறி இறங்கியது. வடிந்த மறுநாள் போனபோது, அடுப்பையோ மெத்தையையோ யாரும் பார்க்கவில்லை. ஃபேனுக்குக் கீழே பழைய பேப்பர் விரித்து, அக்கா ஒவ்வொரு காகிதமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். லேமினேட் போட்ட மார்க் ஷீட் பிழைத்துவிட்டது. சாதிச் சான்றிதழில் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை பரவி, பெயர் இருந்த வரியை மூடியிருந்தது. அதன் மேல் ஒரு வேட்டித் துணியைப் போட்டு, கரன்ட் வந்ததும் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒற்றி எடுத்தாள். குழந்தையின் நெற்றியைத் துடைப்பது மாதிரி. நிவாரணப் பட்டியலில் சேர, கெடுபிடியான கேள்விகளுக்குப் பதில் சொல்ல, அந்த வரி வேண்டும். காட்டில் தண்ணீர் தேடத் தெரிந்தால் போதும் என்று நினைக்கும் நாவல்காரர்களுக்கு இந்த இஸ்திரிப் பெட்டி தெரியாது.

குறைகளும் இருக்கின்றன. நூறு புத்தகம் வந்தால் தொண்ணூறில் கதாநாயகி பிறவியிலேயே விசேஷமானவள், அவளுக்கு இரண்டு காதலர்கள், மூன்றாம் பாகத்தில் தலைநகரம் கவிழ்ந்துவிடும். காலின்ஸிடமும் இரண்டு காதலர்களும் கவிழும் தலைநகரமும் உண்டு, ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. மூன்றாம் பாகத்தில் கலகக்காரர்களும் காட்னிஸுக்கு மேக்கப் போட்டு, கேமரா முன் நிறுத்தி, வசனம் கொடுத்துப் பிரசாரப் படம் எடுக்கிறார்கள். ஆட்சி கொடுத்த பெயர் போய் இயக்கம் கொடுத்த பெயர் வருகிறது. கட்அவுட் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். கதைக்கு வெளியிலும் அது நடந்தது. 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, மாணவர்கள் அந்தக் கதையின் மூன்று விரல் வணக்கத்தைக் காட்டி நின்றார்கள், அதற்காகப் பிடிபட்டார்கள்.

தமிழில் இந்த அலமாரி கிட்டத்தட்டக் காலி. 1980களில் சுஜாதா விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் நிலா, சிபி, ஜீவா, ரவி, மனோ என்று பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்துதான். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசிடம் அனுமதி கேட்க வேண்டிய இந்தியா அது. அது பெரியவர்கள் கதை. பிள்ளைகளும் விழுந்து விழுந்து படித்தார்கள், ஜீனோ என்ற நாய்க்காக. அதற்கப்புறம் பன்னிரண்டு வயதுவரை சிறுவர் கதை, பதின்மூன்றில் நேராகப் பெரியவர் நாவல். நடுவில் இருக்கும் ஆறு வருஷத்தை ஆங்கிலத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம்.

அக்கா மகள் மூன்று பாகமும் முடித்துவிட்டாள். கடைசிப் பக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லாம் முடிந்தும் கெட்ட கனவு நிற்காத காட்னிஸ், தான் பார்த்த நல்ல காரியங்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் பட்டியல் போடுகிறாள். குடுவைக்கு எழுதிய பட்டியலுக்குப் பிறகு அவளே எழுதும் பட்டியல் அது. போன வாரம் அந்த முதல் பாகத்தைப் புரட்டினேன். அடித்திருந்த இரண்டு பெயர்களுக்குக் கீழே இடம் அப்படியே இருந்தது. "உன் பேரை எழுதலையா?" என்றேன்.

"எழுதினா திருப்பிப் போடும்போது பத்து ரூபா கம்மியா எடுப்பாங்க மாமா."